செவ்வாய்க்கிழமை வந்த மிஸ்கோல்

கல்முனைக்குடி
2010 ஜூலை

அன்பு மகன் முஸ்தாக்குக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இங்கே அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், கத்தார் வெயிலில் நிற்கும் உங்களையும் அவனே குளிர்மையாக வைத்திருக்க வேண்டும். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை முந்திவிடுகிறது, அதனால்தான் எழுதி, கத்தாருக்குத் திரும்பும் சபூறாவின் மகன் கையில் தந்துவிடுகிறேன்.

மகன், போன செவ்வாய்க்கிழமை வந்த மிஸ்கோலை நான் அடித்தேன் என்று நினைத்து வெள்ளிக்கிழமைதான் திருப்பி எடுத்தீர்கள். அது நானில்லை, தங்கச்சி முஸ்பிறா. தன்னைக் காயப்படுத்த மனம் போன நேரத்தில், அதைச் செய்யாமல் உங்களைத் தேடியிருக்கிறாள். உங்களில் குற்றமில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும். பிறகு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள், அன்று காயமில்லாமல் போனது, அல்ஹம்துலில்லாஹ்.

காரைதீவிலிருந்து மனநலக் கிளினிக்குக்கு வரும் தர்சினி மிஸ் இதைத்தான் பழக்குகிறார். இந்த வருத்தத்துக்குப் பெரிய டொக்டர் சொன்ன பெயர் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறாம். மனம் பொங்கினால் இவளுக்கு மற்றவர்களைப் போல் சுறுக்காக அடங்காது, அடங்கும் வரைக்கும்தான் பயிற்சி, குளிர்ந்த தண்ணீரில் முகம் நனைப்பது, மூச்சை மெல்ல விடுவது, காயத்துக்கு முன்னமே ஒருவரைக் கூப்பிடுவது. முகம் நனைக்கப் போனவளிடம் நான் "அப்படியே வுழு எடுத்துத் தொழுங்க மகள்" என்று சொல்லிவிட்டேன், தொழாததால்தான் இந்த வருத்தம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டாள், பெரிய சண்டை. "சபூர் செய்ங்க, பொறுத்துக்கொள்ளுங்க" என்பதையும் இப்போதைக்கு மிஸ் நிறுத்தச் சொன்னார், முதலில் "ஓம் மகள், உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்று சொல்லவேண்டுமாம். வாய் இன்னும் பழகவில்லை. பக்கத்து வீட்டு ஸைனம்பு, வாப்பாவைக் கடல் எடுத்த அன்று இவளைப் பிடித்த ஜின் என்று கதைக்கிறாள், நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். இவளுக்குக் காயம் என்றால் ஒவ்வொரு நாளும் எடுக்கிறீர்கள், ஆறினால் நின்றுவிடுகிறீர்கள். "காயம் பட்டாத்தான் காக்காக்கு என்ட நினைவு வரும்" என்று உங்களைத்தான் மிஸ்ஸிடம் சொன்னாள். இருந்தாலும் நடந்தாலும் அந்தச் சொல்தான் எனக்குக் காதில் கேட்கிறது. ஒன்றும் நடக்காத நாளில் எடுங்கள், அவளுடைய பூனையைப் பற்றிக் கேளுங்கள், என்னைப் பகிடி பண்ணிச் சிரியுங்கள். மிஸ்கோல் வந்தால் ஏன் என்று விசாரிக்கவேண்டாம், ஏசவேண்டாம், "ஓம், இருக்கன்" என்றால் போதும். வேலையில் நின்றால் ஒரு மெசேஜ் போடுங்கள், மிச்சத்துக்கு நானும் மிஸ்ஸும் இருக்கிறோம்.

இதுவரை எழுதியதை அவள் வாசித்துவிட்டுத்தான் அனுப்பச் சொன்னாள். மேலே கறுப்பாக வெட்டியிருக்கும் வரி அவள் வெட்டியது, என்னவென்று கேட்காதீர்கள். இப்போது கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம், முகம் நனைக்கிறாள் போல. எழும்பிப் போகக் கால் துடிக்கிறது, ஓடி ஓடிப் பார்க்கவேண்டாம் என்று மிஸ் சொன்னதால் இருந்தே எழுதுகிறேன். அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் ஆறுதலாக்குவானாக, ஆமீன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் உம்மா,
றபீக்கா

மறக்கவேண்டாம் மகன், இனி இரண்டு தரம் மணி அடித்தால் நான். ஒரு தரம் அடித்து நின்றால் தங்கச்சி.