மில்லில் கட்டிய முகத்துணி

டால்டன், ஜார்ஜியா
11 அக்டோபர் 1936

அன்புள்ள டெவிட்டுக்கு,

ஆர்வெல்லா எழுதுவது. நானும் குழந்தை நோவியும் சுகம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு நல்ல காற்று வேண்டுமென்று உங்களை வராந்தாவில்தான் படுக்க வைக்கிறார்களாமே, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். நோவிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக, தையல் வேலை கொண்டுவரும் கேகிளின் வண்டி நம் தெருவுக்கு வரவில்லை. இனிமேல் துணியும் திரிநூலும் வீடுகளுக்கு வராதாம். படுக்கை விரிப்புகளுக்குக் குஞ்சம் தைப்பதெல்லாம் மில்லில், மெஷினில்தானாம். போன திங்கட்கிழமை நானும் அங்கே சேர்ந்துவிட்டேன். நூற்பு மில்லின் பஞ்சு உங்கள் நெஞ்சைக் கெடுத்த பிறகு, எந்த மில் வாசலையும் மிதிக்கமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். மீறிவிட்டேன். கோபப்படுங்கள், ஆனால் இருமல் வருகிற அளவுக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. விரிப்பில் ஒரு மயில் வாலுக்கு மூன்று நாள் குனிந்து ஊசி குத்துவேனே, அது இப்போது மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிறது. முதல் மயில் கழுத்து கோணி, கோழி மாதிரி வந்தது, அது வேறு கதை.

பஞ்சுக்குப் பயந்து மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்து மெஷின் ஸெல்லா, "எந்த பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போறே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி ஸ்டான்சில் வந்து, முதலாளி பார்த்தால் தப்பாக நினைப்பார், கழற்று என்றார். "என் வீட்டுக்காரர் நெஞ்சுல போன பஞ்சு போதும் சார். வேலையை விட்டு அனுப்பறதா இருந்தா அனுப்பிடுங்க" என்றேன். அடுத்த மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் ஸெல்லாவும் துணி கட்டி வந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஏழு பேர்.

உங்கள் கடிதம் வந்தது. எனக்காகக் காத்திருக்காதே, உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு என்று எழுதியிருந்தீர்கள். நான்கு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். நோவி எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள், அதனால்தான். டாக்டர் உங்களிடம் சொன்னதை எனக்கும் எழுதியிருக்கிறார். தெரிந்துதான் இங்கேயே இருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை பஸ் பிடித்து வருகிறோம். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்களாம், நோவியை ஜன்னலுக்கு வெளியே நிறுத்துகிறேன். அதுவரை பாலையும் முட்டையையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். அன்றைக்கு எழுந்து ஜன்னலருகே வந்து நில்லுங்கள். வேறொன்றும் கேட்கமாட்டேன். அதுவரைக்கும், அதற்கப்புறமும், கடவுள் உங்களைத் தன் கையில் வைத்திருக்கட்டும்.

என்றும் உங்கள்,
ஆர்வெல்லா