உட்கார விரும்பும் நடைப்பயிற்சிக் குழு

அனுப்புநர்:
கி. சாருலதா,
அறிவியல் ஆசிரியை (ஓய்வு),
கோட்டூர்புரம், சென்னை – 85.

பெறுநர்:
பூங்கா அலுவலர் அவர்கள்,
வட்டார அலுவலகம்,
அடையாறு, சென்னை – 20.

பொருள்: குறுக்குத் தெருப் பூங்காவில் கூடும் எங்கள் குழுவின் பெயரைத் திருத்தி, மண்டபத்தில் அமர அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது புகார்தான், என் மீது நானே கொடுப்பது. ஜனவரியில் நான் அளித்த விண்ணப்பத்தில் 'குழுவின் நோக்கம்' என்ற கட்டத்தில் 'நடைப்பயிற்சி' என்று எழுதினேன். அது பொய்.

2. நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் வீட்டில் ஒருவரைத் தற்கொலையில் இழந்தவர்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, போனவர்களைப் பற்றிப் பேசுவதே எங்கள் நோக்கம். என் தம்பி சாய்சரண் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கேட்டவர்களிடமெல்லாம் 'மாரடைப்பு' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தப் பழக்கத்தில்தான் தங்கள் படிவத்தையும் நிரப்பினேன்.

3. தண்டனை உடனே கிடைத்தது. நடைப்பயிற்சிக் குழுவினர் மண்டபத்தில் அமரக் கூடாது என்பது பூங்கா விதி. காவலர் திரு. பாலு விதி தவறாதவர். "வாக்கிங்னு எழுதிக் குட்த்துட்டு இன்னா மேடம் குந்திக்கினு கீறீங்க?" என்று எழுப்பிவிடுவார். ஆகவே ஆறு வாரங்கள் நடந்துகொண்டே துக்கப்பட்டோம். சாந்தோமில் மீன் விற்கும் திருமதி ரத்னாவுக்கு முழங்கால் வலி. அவர் தம் மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது நாங்கள் அரைச் சுற்று முன்னே போயிருப்போம். திரு. தௌசீஃப் அழுகை வந்தால் வேகமாக நடப்பவர். அவருடைய அண்ணன் கதையில் பாதி இன்னும் எங்களுக்குத் தெரியாது.

4. சென்ற ஞாயிறு ரத்னா மண்டபத்தில் உட்கார்ந்தேவிட்டார். பாலு வந்ததும், "எம் பொண்ண பத்தி நடந்துக்கினே பேச முடியல நைனா" என்றார். மகளுக்கு என்ன ஆயிற்று என்று பாலு கேட்டார். ரத்னா மறைக்காமல் சொன்னார். அடுத்து பாலு என்னைப் பார்த்தார். "என் தம்பியும் தற்கொலைதான்" என்றேன். குழுவுக்கு வெளியே ஒருவரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் முறை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பாலு துடைப்பம் எடுத்து மண்டபத்தைப் பெருக்கினார். "மொதல்லயே சொல்லக் கூடாதா? குந்துங்க. ஆனா ஆபீசுக்கு எழுதிக் குட்த்துடுங்க" என்றார்.

5. அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். அவ்வளவு நிம்மதி. மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில், ரவா தோசை முறுகலாக இல்லையென்றால் தட்டைத் திருப்பி அனுப்பும் சாய்சரணைப் பற்றிக் கடைக்காரரிடம் பேசிச் சிரித்தேன். மாரடைப்பு என்று மறைத்த நாள் முதல் அவன் தோசையைப் பற்றிக்கூட நான் வெளியே யாரிடமும் பேசியதில்லை.

6. எங்கள் அனுமதி இம்மாத இறுதியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும்போது, ஞாயிறு காலை 7 முதல் 8 மணி வரை மண்டபத்தில் அமர அனுமதிக்குமாறும், அறிவிப்புப் பலகையில் எங்கள் பெயரை 'தற்கொலையில் உறவை இழந்தோர் சந்திப்பு' என்று எழுதச் செய்யுமாறும் வேண்டுகிறேன். பலகை சிறியது என்று தெரியும். எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம், பெயரைச் சுருக்க வேண்டாம். 'மாரடைப்பு' என்று சொல்லிக்கொண்டு அதே பூங்காவைத் தனியே சுற்றிவரும் ஒருவர் அதைப் படித்துவிட்டு வந்து உட்காரட்டும்.

இடம்: கோட்டூர்புரம்
நாள்: 19.3.2025

இம்முறை உண்மையை எழுதியிருக்கும்,
கி. சாருலதா
(சாய்சரணின் அக்கா)