மொட்டைப் பாறைக் கொடி

1964 பிப். 11, செவ்வாய்

காலையில் பனி, பத்து மணிக்கு மேல் காற்று. செஞ்சியிலிருந்து முதல் பஸ். பள்ளத்தாக்கின் வாய் வரை சர்வே படம் வரைந்து முடித்தாயிற்று. அடங்காப்பிடாரி ஆறு கடைசியில் தாளில் அடங்கியது. அணை வந்தால் தண்ணீர் நிற்கும் மட்டத்தைச் சிவப்புக் கோடாகப் போட்டேன். தினமும் மோர் கொடுக்கும் பாத்திமா பீ வீடு கோட்டுக்கு இரண்டடி மேலே. வாய் சும்மா இருக்கவில்லை, வீடு முழுகாது என்று சொல்லிவிட்டேன். சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

வெள்ளி படத்தைச் சரிபார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார். வாங்க: பென்சில், ரப்பர், சட்டைப் பொத்தான்.

பிப். 12, புதன்

பாத்திமா பீ வீட்டில் புது அறைக்கு மண் குழைக்கிறார்கள். மகள் பிரசவத்துக்கு வருகிறாளாம். பேச்சுவாக்கில் சொன்னாள்:

"போன வாரம் மொட்டைப் பாறையில ஒங்க கொடி காத்துல வுழுந்து கெடந்துச்சு சார். மேல நட்டா மறுபடி வுழும்னு கொஞ்சம் கீழ நட்டு கல்லு அண்ட குடுத்தேன். நல்லா நிக்குதில்ல?"

அதற்குப் பிறகுதான், கொடி உயரம் தெரிந்த உச்சியில் இருப்பதாக நம்பி, அதிலிருந்து கழித்து அத்தனை உயரமும் எடுத்தேன். அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆள் கோவிந்தன் ஏறி அளந்து வந்தான். ஐந்தடி இறங்கியிருக்கிறது. கொடி ஐந்தடி இறங்கினால் தாளில் எல்லாம் நிஜத்தைவிட ஐந்தடி ஏறும். அப்படியானால் நிஜத்தில் வீடு கோட்டுக்கு மூன்றடி கீழே.

கோ.: "யாருக்கு சார் தெரியப் போவுது? வுடுங்க."

படத்தைச் சுருட்டி வைத்தேன்.

பிப். 13, வியாழன்

காற்று இன்னும் மோசம். வாயை மூடிக்கொண்டிருந்தால்? தண்ணீர் என் கோட்டைக் கேட்டு நிற்காது. அந்த அறையில் கைக்குழந்தை இருக்கும். பயம். என் மேலேயே எரிச்சல். அளக்குமுன் ஒருமுறை ஏறிக் கொடியைப் பார்க்க என்ன கேடு எனக்கு?

பாத்திமா பீயிடம் போய்ச் சொன்னேன். மண் கையோடு நின்றாள். திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

"இன்னா சார், அப்ப நான் கொடிய கீழ நட்டதாலதான் தாள்ல வூடு தப்பிச்சிதா?"

ஆமாம் என்றேன். கை கழுவினாள்.

"மறுபடி பாக்கணுமில்ல? இந்தக் காத்துல கொடி நிக்காது. உச்சியில நானே புடிச்சிக்கிறேன்."

கோ. தடுத்தான். கேட்கவில்லை, ஏறிவிட்டாள்.

அவள் வாசலிலேயே அளவெடுக்கும் மேசையை நிறுத்திக் கொடியைப் பார்த்தேன். கொடி துளி அசையவில்லை. மூன்று முறை பார்த்தும் வீடு கோட்டுக்கு மூன்றடி கீழேதான்.

உச்சியிலிருந்து குரல்: "எறங்கட்டுமா சார்?"

இன்னும் ஒரு முறை என்று கையைக் காட்டினேன்.