மேற்குச் சுவரில் உன் அப்பா பங்கு

ஆத்தியு தீவு,
9 ஏப்ரல் 1987

அன்புள்ள துவாயினே,

சுகமா? உன் சித்தி மகளின் குழந்தைக்கு ஆறு மாதம் துணையிருந்துவிட்டு வருகிறேன் என்று போனாய். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சர்ச் வேலை தொடங்கிவிட்டது. நூறு வருடம் தாங்கிய பவளக்கல் சுவருக்கு நம் ஆட்கள் பெருமைக்காக சிமெண்ட் பூசினார்களே, உள்ளே ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் மாவாகிக் கிடக்கிறது. முழுவதையும் கொத்தி எடுக்கிறோம். முதலில் சிமெண்ட் கண்டது மேற்குச் சுவரில் உன் அப்பா பங்கு, அதுதான் படுமோசம்.

இனிப் பழையபடி பவளத்தைச் சுட்டெடுத்த சுண்ணாம்புதான். அவரவர் வீட்டுப் பங்கை அவரவர் கையால் பூசும் வழக்கம் மாறவில்லை. உன் வீட்டில் மிச்சம் நீ ஒருத்தி. அக்டோபரில் பிரதிஷ்டை. வந்துவிடு.

உன் மனாரங்கி

ஆக்லாந்து,
2 மே

அன்புள்ள மனா,

அந்த சிமெண்ட் மூட்டைகளை அப்பா படகிலிருந்து முதுகில் சுமந்து வந்தார். ஊரே வந்து சுவரைத் தடவிப் பார்த்தது, நீயும்தான். இன்று அவர் தலையில் பழியா?

வந்துவிடு என்கிறாய். நான் அங்கே வரட்டுமா என்று நீ ஒரு தடவை கேட்டிருப்பாயா? நீ வாயேன் என்றால் ஆக்லாந்துக் குளிர், டாரோக் கிழங்குத் தோட்டம் என்று சாக்கு. இங்கே ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்துக் கை வெந்துபோகிறது. ஞாயிறு ஆராதனையில், வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் பக்கத்து இடத்தில் பையை வைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வைக்கிறேன்.

துவாயினே

ஆத்தியு,
20 ஜூலை

என் துவாயினே,

மூப்பர் உபோக்கோ உன் பங்கைப் பார்த்து, "என்னப்பா, உன் பொண்டாட்டி ஆக்லாந்துல இருந்தே கைய நீட்டிப் பூசிருவாளோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

குளிருமில்லை, தோட்டமுமில்லை. அங்கே உனக்கு நான் தேவைப்பட மாட்டேனோ என்று பயம். அவ்வளவுதான்.

மனா

ஆக்லாந்து,
11 செப்டம்பர்

அன்புள்ள மனா,

இதை நான்கு வருடம் முன்பே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? விமான நிலையத்தில் நீ வாயைத் திறப்பாய் என்று கடைசி ஆளாகத்தான் ஏறினேன். இப்போது எனக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது.

அப்பா பங்கை உனக்குக் கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தைச் சபையில் வாசித்துவிட்டு நீயே பூசு. பங்கைக் கொடுத்தவள் ஊருக்குத் திரும்புவதில்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். சுண்ணாம்பை நன்றாகக் குழை.

துவாயினே

ஆத்தியு,
26 அக்டோபர்

என் துவாயினே,

பிரதிஷ்டை நல்லபடியாக முடிந்தது. ஏழு பன்றி, ஊர் முழுக்கப் பாட்டு. பெண்கள் எல்லாரும் வெள்ளைத் தொப்பி. சர்ச்சும் வெள்ளை, உன் பங்கைத் தவிர.

ஆராதனைக்கு முன் போதகர் சபை நடுவே கேட்டார்: "துவாயினேகிட்டருந்து ஏதாச்சும் கடுதாசி வந்துச்சா?"

அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"இன்னும் வரலைங்க" என்றேன். புதுப்பித்த சுவர்களுக்குள் முதல் பொய் என்னுடையது.

மழைக்காலம் வருகிறது. பூசாத கல் கரைந்துவிடும் என்கிறார்கள். தென்னோலை முடைந்து உன் பங்கை மூடிக் கட்டியிருக்கிறேன். ஓலை ஒரு வருடம் தாங்கும். பிறகு மறுபடி முடைவேன்.

உன் மனாரங்கி