குனியாத படம்

ஜூன் 9, 2024
இன்று பலா அறுத்தோம். பழத்தை நான் பார்த்தது அது தரைக்கு வந்த பிறகுதான். போன வருஷத் தையில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தேன். முறிந்த முதுகெலும்பு கோணலாகவே கூடிக் கூன் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஊரில் எல்லாரையும் காலை வைத்துத்தான் அடையாளம். யார் செருப்பு அறுந்திருக்கிறது என்று என்னைக் கேட்டால் தெரியும். சிரிக்கத்தான் எழுதுகிறேன். ஆனால் இடது கால் இப்போது அடிக்கடி மரத்துப்போகிறது.

ஜூன் 14
சேலம் போனோம். டாக்டர் யமுனா படத்தைக் காட்டி விளக்கினார். நசுங்கிய எலும்பில் ஆப்பு மாதிரி கொஞ்சம் வெட்டி எடுத்து, முதுகை நிமிர்த்தி, கம்பியும் திருகாணியும் வைப்பார்களாம். விட்டால் மரப்பு கூடும். செய்தாலும் கால் செயலிழக்கக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். நான் உடனே சரி என்றேன். கூட வந்த என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 15
இன்றும் ஊமைச்சாமிதான். எனக்குப் பொறுக்கவில்லை.

கல்யாணத்தன்று போட்டோக்காரர், "பொண்ணு கொஞ்சம் குனிஞ்சு நிக்கட்டும்" என்றார். நான் இவரைவிட இரண்டு விரல் உயரம். குனிந்தேன். சுவரில் இன்னும் அந்தப் படம்தான் தொங்குகிறது. கூன் விழுந்த பிறகு குனியச் சொல்ல ஆளே தேவைப்படவில்லை.

அதை வைத்தே கேட்டுவிட்டேன். "ஏனுங்க, நான் நிமிர்ந்தா நீங்க கட்டையாயிருவீங்கன்னுதான் பேசாம இருக்கீங்களா?"

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் கட்டையாவே இருந்துட்டுப் போறேன். உன்ற காலு போயிருச்சுன்னா நான் என்ன பண்றது வேணி?"

அழுதார். எனக்கு இது ஏன் தோன்றாமல் போச்சு? என் வாய் இருக்கே வாய்! நானும் அழுதேன். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு கரிந்துபோனது. அதையே சுரண்டித் தின்றோம். கடைசியில் சரி என்றார்.

ஜூலை 2
நாளை ஆபரேஷன். பயமாயிருக்கு. அவரிடம் சொல்லமாட்டேன்.

ஜூலை 5
கட்டைவிரல் அசைந்தது! முந்தாநாள் ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் டாக்டர் காலை அசைக்கச் சொன்னார், இரண்டும் அசைந்தன. இவர் அந்த விரலைப் பிடித்தவர் நர்ஸ் அதட்டும்வரை விடவில்லை.

ஜூலை 8
பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். வலி உயிர் போனது. ஆனால் நிமிர்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது இவருடைய உச்சி வழுக்கை. எனக்குத் தெரியாமல் எப்போது வளர்த்தார்? சிரித்தால் தையல் இழுக்கிறது.

ஜூலை 17
இடுப்புப் பட்டையோடு காரில் ஊர் வந்தோம். வளைவுக்கு வளைவு "மெதுவா, மெதுவா" என்று இவர் சொல்லி, ஓட்டியவர் வண்டியை ஓரங்கட்டி, "நீங்களே ஓட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அடுத்த வளைவில் மறுபடி "மெதுவா".

அக்டோபர் 18
பட்டை கழற்றியாச்சு. மரப்பும் இல்லை. பழைய ரவிக்கை ஒன்றுகூடச் சேரவில்லை. இனி ஏணியில் ஏறக்கூடாதாம். சரி, கீழே நின்று அதிகாரம் பண்ணுவேன்.

ஜனவரி 26, 2025
கல்யாண நாள். காலையில் இவர் ஏணியில் மிளகு பறிக்க, நான் கீழே நின்று விட்டுப்போன கொத்தையெல்லாம் காட்டிக் காட்டி உயிரை எடுத்தேன். மத்தியானம் வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் போனோம். நாத்தனார் பூங்குழலி செல்லில் படம் எடுக்கிறேன் என்று நிற்க வைத்தாள். எனக்குப் பழக்கதோஷம், இவர் பக்கத்தில் நின்றதும் தலையும் தோளும் தானாக இறங்கிவிட்டன.

"குனியாத கண்ணு," என்றார். "கொஞ்சம் இரு, வாரேன்."

கரையோரம் போய் ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து போட்டு, அதன்மேல் ஏறி நின்றார்.

சுவரில் இருந்த பழைய படத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். ஆணி அப்படியே இருக்கிறது.