மொட்டைமாடியில் திரும்பிய டிஷ்

சக்குபள்ளம்,
ஜனவரி 27, செவ்வாய்.

அன்பு மகன் ஜிஜோவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே அப்பாவும் உன் மனைவி ஜிஸ்மியும் குழந்தை சோனாவும் நல்ல சுகம், அங்கே தோகாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று செபிக்கிறேன். சோனாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். எனக்கு மட்டும் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை, வாயில் வைத்தால் குமட்டுகிறது, அது வயிற்றுக் கோளாறும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ நடுவில் புகுந்து அம்மா அது அப்படி இல்லம்மா என்று இழுப்பாய், பிடிக்காத பேச்சு வந்தால் சிக்னல் போச்சு என்று வைத்துவிடுவாய். நம் பங்குக் கோவிலுக்கு வரும் நர்ஸ் பெண் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை தோகாவுக்குத் திரும்புகிறாள், உறையை நன்றாக ஒட்டி அவள் கையில் கொடுத்துவிடப் போகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரி வரைக்கும் படி.

போன செப்டம்பரில் ஜிஸ்மிக்குக் கொச்சிக் கம்பெனியில் அந்த வேலை கிடைத்தபோது இந்த வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. ஆஸ்பத்திரிக் கோப்புகளைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற வேலை, வீட்டில் இருந்தே பார்க்கலாம், குழந்தையையும் விட வேண்டாம், படித்த படிப்புக்கு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. ஒரே தொல்லை இன்டர்நெட். கேபிள்காரர்கள் நம் மேட்டுக்கு ஏற முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள், மொபைலோ சமையல்கட்டு ஜன்னலை விட்டு நகர்ந்தால் செத்துவிடும். குமுளியில் கடை வைத்திருக்கும் ராஜசேகர்தான் வழி சொன்னார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், டவுனில், உன் சந்தனம் சித்தப்பாவின் ஏலக்காய் ஸ்டோர் மூன்று மாடி, அங்கே கேபிள் இருக்கிறது, அந்த மொட்டைமாடியில் ஒரு டிஷ், நம் கூரையில் ஒரு டிஷ், இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் போதும், மூன்று கிலோமீட்டரும் காற்றிலேயே வந்துவிடும் என்றார். அவர் அங்கே நின்றார், நான் இங்கே கூரையில் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றேன், காதில் போன். ஒரு நூல் இடதும்மா, இன்னும் ஒரு நூல், போதும் போதும், இப்ப மூச்சு விடாம நில்லுங்க என்று அவர் கத்தக் கத்த ஜிஸ்மி கீழே கம்ப்யூட்டரில் சிக்னல் எண்ணைப் படித்தாள், மைனஸ் எண்பதில் இருந்து மைனஸ் ஐம்பத்தாறுக்கு வந்ததும் குதித்தே விட்டாள். ராஜசேகர் இரண்டு பக்கமும் டிஷ் நிற்கும் குழாயிலும் அதைப் பிடிக்கும் பட்டையிலும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார், பிற்பாடு அசைந்தால் கண்டுபிடிக்கலாமாம். அதற்கப்புறம் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை.

கிறிஸ்மஸ் முடிந்து இந்த மாதம் இரண்டாம் வாரத்தில் தொல்லை ஆரம்பித்தது. இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் அவள் ஷிப்ட் நேரத்தில் செத்துவிடும். சந்தனத்திடம் கேட்டால், மதினி, இந்தப் பனிமஞ்சு வந்து சிக்னலக் குடிச்சிருது, மலைக்காட்டுல இதெல்லாம் நிலைக்காது மதினி, நீங்க அந்தப் பிள்ளகிட்ட எடுத்துச் சொல்லுங்க என்று இரக்கத்தோடு சொன்னார். பாவம் ஜிஸ்மி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லேப்டாப்போடு சமையல்கட்டு ஜன்னலில் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். கம்பெனியிலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது, இன்னொரு தடவை பாதி ஷிப்டில் காணாமல் போனால் கொச்சி ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவாள், வேலை அவ்வளவுதான் என்று உட்கார்ந்து அழுதாள். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை, வழியில் கிளை மறைக்கிறதோ என்று முட்டுவலியோடு ஏணி போட்டு ஏறி, பிஞ்சு பிடித்திருந்த நம் பலாவில் டவுன் பக்கத்துக் கிளை முழுவதையும் வெட்டித் தள்ளினார். சிக்னல் வரவில்லை.

ராஜசேகரை மறுபடி வரவழைத்தேன். மஞ்சு இதை ஒண்ணும் செய்யாதும்மா என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நம் கூரையில் கோடு போட்டபடியே சேர்ந்து இருந்தது. ஜீப் பிடித்து ஸ்டோருக்குப் போனோம், நானும் கூடவே மொட்டைமாடிக்கு ஏறினேன். ஒரே புறா எச்சம், காலி பாட்டில், சுவரெல்லாம் உன் சித்தப்பா துப்பிய வெற்றிலைச் சாறு, கால் வைக்கவே கூசியது. அங்கே குழாயில் இருந்த கோடு ஒரு பக்கம், பட்டையில் இருந்த கோடு ஒரு பக்கம், டிஷ் நம் வீட்டைப் பார்க்காமல் குமுளி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. காத்து திருப்பியிருந்தா நட்டு லூசா இருக்கணும்மா, இத ஸ்பேனர் போட்டு முறுக்கியிருக்காங்க என்றார் ராஜசேகர். சரிசெய்துவிட்டு வந்தோம். இரண்டாம் நாள் மறுபடியும் திரும்பிவிட்டது. அந்த மொட்டைமாடிக் கதவுக்கு ஒரே சாவி, அது யார் இடுப்பில் தொங்குகிறது என்று உனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஜீப்பில் நான் தனியாகப் போனேன். சந்தனம் வாங்க மதினி வாங்க என்று உட்காரவைத்து, பாகு மாதிரி ஒரு டீயைக் கையில் கொடுத்து, மஞ்சுக் கதையை மறுபடி எடுத்தார். நான் டீயை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு, கூடப்பிறந்தவன் மருமகள் வயிற்றில் அடிக்க உனக்கு எப்படி மனசு வந்தது, ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் வைத்து எல்லார் முன்னாலும் கேட்பேன் என்றேன். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என்னைய எதுக்கு மதினி ஏசுறீக, ஒங்க மகன் சொல்லித்தான செஞ்சேன், நீங்களே கேளுங்க என்று போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் நீ பேசி அனுப்பிய உன் குரல். சித்தப்பா, ஒண்ணும் உடைக்க வேண்டாம், லேசா திருப்பி மட்டும் விடுங்க, மறுநாள் பழையபடி வச்சிருங்க, மஞ்சுன்னு சொல்லிக்கலாம், இப்படி விட்டு விட்டுப் போனா அவங்களே வேலைய விட்டுத் தூக்கிருவாங்க, அப்புறம் வீட்டோட அடங்கிக் கிடப்பா, அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். வேறு யாராவது உன்னைப் போலப் பேசியிருக்கக் கூடாதா என்றுதான் இரண்டாம் தடவை கேட்டேன்.

சீ என்று வருகிறது ஜிஜோ. உன் சித்தப்பா அற்பம், அது எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். ஆனால் இந்த வாரங்களில் நீ தினமும் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு நெட் சரியாச்சாம்மா, பாவம், உடம்பைக் கெடுத்துக்காத, வேணாம்னா விட்டுரேன் என்று கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாயே, அதை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது. வேலைக்குப் போவது பிடிக்கவில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை போட்டிருந்தால்கூட ஆம்பளை என்று நினைத்திருப்பேன். நான் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் ஏலக்காய் எடுத்தேன், நீ கிரெச்சில் கிடந்தாய், அப்பா ஒரு நாளாவது ஆள் வைத்து என் கூடையை ஒளித்து வைத்தாரா? அவரிடம் இதைச் சொன்னேன். வெட்டிப் போட்ட பலாக் கிளையைத் துண்டு போடப் போனவர் பாதியில் அரிவாளை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

சந்தனத்தின் மொட்டைமாடி இனி நமக்கு வேண்டாம். டவுன் பால் சொசைட்டி மாடியில் இருந்து பார்த்தாலும் நம் கூரை தெரிகிறது, அங்கேயும் கேபிள் இருக்கிறது, செக்ரட்டரி அம்மாவிடம் கேட்டேன், இதுக்கென்ன பிலோமி, தாராளமா வச்சுக்கோ என்று உடனே சொல்லிவிட்டார். நேற்று ராஜசேகர் டிஷ்ஷை அங்கே மாற்றினார், நான் மறுபடி கூரையில் ஏறிப் பிடித்தேன், சிக்னல் நன்றாக வந்துவிட்டது. டிஷ் சித்தப்பாவின் இடத்தை விட்டு ஏன் மாறியது என்று ஜிஸ்மி கேட்டாள், ஸ்டோரில் வேலை நடக்கிறது என்று அவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன். உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்தரை மணிக்கு வீட்டில் இருப்போம், உனக்கு அது எட்டு மணி, டியூட்டி நேரம்தான், லீவு கேள். வீடியோவில் கூப்பிட்டு அவளிடம் உன் வாயால் சொல்லு, மஞ்சு என்றோ சித்தப்பா என்றோ இழுக்காமல் நான் செய்தேன் என்று சொல்லு. பிறகு அவள் முடிவு அவளுடையது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாலும் நான் மறிக்க மாட்டேன், ஜீப் வரைக்கும் பை தூக்கிக்கொண்டு போவேன். நீ கூப்பிடாவிட்டால் பதினொரு மணிக்கு நானே சொல்வேன், உன் குரலைச் சந்தனத்தின் போனில் இருந்து என் போனுக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை இடத்தில் தூசி என்றாயே, மூக்கில் துணி கட்டிக்கொள். ஜிஸ்மிக்கும் சோனாவுக்கும் தினமும் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் தூங்க அனுப்புகிறேன். நீ விமானம் ஏறிய நாளிலிருந்து உன் போட்டோவிலும் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். நாலு நாளாகக் கை எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுகிறதா என்று பார்ப்போம். பத்தரை மணி, மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
பிலோமி செபாஸ்டின்.