சுவருக்கு அந்தப் பக்கம் அறுபது வாட்

மார்ச் 3, செவ்வாய்

தொழிற்சாலையில் புதிதாக வாங்கிய கிளாம்ப் மீட்டரை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒயரை வெட்ட வேண்டாம், கவ்விப் பிடித்தாலே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லிவிடும். விசிறி, ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெயின் ஒயரில் மாட்டினேன். பூஜ்யம் காட்ட வேண்டும். 0.26 காட்டுகிறது.

வோல்ட் 232. ஆம்பியரால் பெருக்கினால் அறுபது வாட், வகுத்தால் 892 ஓம். இருபத்தாறு வருஷம் ஹீட்டர் சோதித்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். அறுபது வாட் குண்டு பல்பு. எங்கே எரிகிறது? என் வீட்டில் அப்படி ஒரு பல்பே கிடையாதே.

மார்ச் 4, புதன்

பரண் வரைக்கும் ஏறித் தேடிவிட்டேன். தும்மல்தான் மிச்சம்.

மார்ச் 8, ஞாயிறு

கண்டுபிடித்தாயிற்று. சாயங்காலம் ஏழு மணிக்கு மெயினை இறக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிற அக்காவின் குரல்: "சனியன் புடிச்ச கரண்ட்டு!"

பதறிப்போய் உடனே ஏற்றிவிட்டேன்.

அவள் குரலைக் கேட்டு ஒன்பது வருஷம். அப்பா விட்டுப்போன வீட்டை விற்றுவிடலாம் என்று நான் சொல்ல, "எனக்குத் தம்பின்னு ஒருத்தன் பொறக்கவே இல்ல" என்று அவள் சொல்ல, அந்த வாரமே கொத்தனாரைக் கூட்டிவந்து வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினேன். அவள் பக்கத்து ஒயர்களைப் பிரித்துத் தனி மீட்டரில் கொடுத்ததும் நான்தான். கோபத்தில் செய்த வேலை. அவள் சமையலறை ஒயர் ஒன்று இன்னும் என் லைனிலேயே இருக்கிறது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் இப்படிச் செய்தால்கூடக் கிழித்து எடுப்பேன்.

நாளைக்கே மாற்ற வேண்டும்.

மார்ச் 11, புதன்

மாற்றவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அவள் ஒயரில் மீட்டரை மாட்டிவைத்துத் தினமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலை 5.40க்கு அவள் பல்பு. அடுத்து ஒரே தாவலாக 6.5 ஆம்பியர் கூடுகிறது, வோல்ட் 230க்கு இறங்குகிறது. 1495 வாட், 35 ஓம். வெந்நீர்க் கெட்டில். நாலு நிமிஷம். சாயங்காலம் ஆறரைக்கு மறுபடி பல்பு, எட்டரைக்கு அணைந்துவிடும். அது அணைந்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

மனைவி போய் நாலு வருஷம். அதற்குப் பிறகு, காலையில் இன்னொரு ஆளும் எழுந்திருக்கிறார் என்ற நினைப்போடு நான் டீ போடுவது இந்த ஒரு வாரமாகத்தான். ஒயரை மாற்றினால் இதுவும் போய்விடும்.

அவளுக்குத் தெரியாமல் அவளை வேவு பார்க்கிறேனா? ஆமாம். வேறென்ன பெயர் இதற்கு?

மார்ச் 19, வியாழன்

எட்டே முக்கால். இன்னும் 0.26. ஏதாவது வேலையாக இருப்பாள்.

ஒன்பது. அணையவில்லை. போய்க் கேட்கலாமா? "உனக்கெப்படித் தெரியும்?" என்பாள். என்ன பதில் சொல்வது? மறந்து தூங்கியிருப்பாள். படுக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

5.40க்குக் கெட்டில் ஓடவில்லை. ஆறு மணிக்கும் இல்லை. ஏழாகியும் அதே பல்பு மட்டும். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் காதைத் திருகுகிறவள் அக்கா. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கதவைத் தட்டினேன், பதிலில்லை. பின்கதவுத் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சமையலறைத் தரையில் கிடந்தாள். நேற்று சாயங்காலமே வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பு எலும்பு. கூப்பிட்டுப் பார்த்தாளாம். நான் வாசல்பக்கத்து அறையில் இருந்தேன், எதுவும் கேட்கவில்லை.

"வந்துட்டியாடா" என்றாள். அவ்வளவுதான்.

ஐயோ, நேத்தே பாத்தேனே. பாத்துட்டுத்தானே படுத்தேன் — மனுஷனா நான்?

மார்ச் 22, ஞாயிறு

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. "அவங்களுக்கு நீங்க யாரு?" என்று நர்ஸ் கேட்டாள். "தம்பி" என்றேன்.

மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்டாள்: "எப்படிடா தெரிஞ்சுது?" ஒயர், ஆம்பியர், கெட்டில், நாலு நிமிஷம் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டாள்.

"நான் எப்ப எந்திரிக்கிறேன்னு நிமிஷக்கணக்காத் தெரியுது. வாசக்கதவு எங்க இருக்குன்னுதான் தெரியல."

வியாழக்கிழமை ஒன்பது மணியைப் பற்றி நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறாள். அவள் சமையலறை ஒயரை இன்று அவள் மீட்டருக்கே மாற்றினேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏணியில் நிற்கிற எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தாள். பிறகு அவள் பல்பை எரியவிட்டு, என் பக்கம் போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெயினில் மீட்டரை மாட்டினேன். 0.00. வேலை சுத்தம். ஆனாலும் மீட்டரை உடனே கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து ஸ்க்ரூடிரைவரையெல்லாம் பையில் போடும்போது சொல்லிவிட்டேன். "நீ விழுந்த அன்னிக்கு ஒம்போது மணிக்கே பாத்தேன்க்கா. லைட்டு எரிஞ்சுது. வராமப் படுத்துட்டேன்."

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோடு முடிந்தது என்று நினைத்து ஏணியைத் தூக்கினேன்.

"நாளைக்குக் காலைல எத்தனை மணிக்கு வருவே?"

"ஆறு மணிக்குக்கா."

"அஞ்சரைக்கே வா. இன்னொரு சாவி அலமாரில இருக்கு, எடுத்துட்டுப் போ."